குறை எனப்பட்ட நிறமும் நிறைவான இசையும்

1791ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில் இளைஞர் ஒருவர் தம் மறைமாவட்ட ஆயருக்கு விண்ணப்பம் ஒன்றை அளித்தார். குருப்பட்டம் பெற விரும்பிய அவர், தம்மிடம் உள்ள ஒரு குறையைப் பொறுத்து விலக்கு அளிக்குமாறு அதில் வேண்டியிருந்தார். அந்தக் குறை பாவமன்று, நோயன்று, கல்விக் குறைவும் அன்று. அவருடைய தோலின் நிறமே அது. அக்காலத் திருச்சபை அலுவலகங்களின் மொழியில் அதற்கு 'நிறக் குறை' என்றே பெயர் வழங்கிற்று.

விண்ணப்பித்தவரின் பெயர் ஜோசே மௌரிசியோ நுனெஸ் கார்சியா. பிரேசில் என்றவுடன் இசை அறிந்தோர் வில்லா-லோபோஸ் (1887–1959) என்னும் இருபதாம் நூற்றாண்டு மேதையை நினைப்பர். அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதே ரியோ நகரில், ஓர் எளிய மறைமாவட்டக் குரு நூற்றுக்கணக்கான திருவழிபாட்டு இசைப்படைப்புகளை எழுதியிருந்தார். அவரது வாழ்வை நாம் ஆய்ந்து நோக்குவது இசை அறிவுக்காக மட்டுமன்று. திருச்சபை தன் பிள்ளைகளுள் ஒருவரை எந்த அளவுகோல் கொண்டு அளந்தது, அப்பிள்ளை தன் தாய்க்கு எதைத் திருப்பித் தந்தது என்னும் கேள்வி அவர் வாழ்வில் தெளிவாக எழுந்து நிற்கிறது.

தையற்காரரின் மகன்

ஜோசே மௌரிசியோ 1767ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். தந்தை அப்போலினாரியோ ஒரு தையற்காரர். தாய் விக்தோரியா மரியா தா குரூஸ், தங்கச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற மீனாஸ் ஜெராய்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். பெற்றோர் இருவரும் கலப்பினத்தார். இருவருடைய தாய்மாரும் அடிமைகளாயிருந்தவர்கள். ஆப்பிரிக்க மண்ணிலிருந்து சங்கிலியில் பிணிக்கப்பட்டுக் கப்பலேறியவர்களின் குருதி, இரண்டே தலைமுறை கடந்து, பலிபீடத்தின் முன் நிற்க விரும்பியது.

சிறுவனுக்கு ஆறு வயது நிரம்புமுன் தந்தை மறைந்தார். தாயும் தாயுடன் வாழ்ந்த சித்தியும் உழைத்து அவரை வளர்த்தனர். குழந்தையின் இனிய குரலையும், ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றலையும் கண்ட அவர்கள், தங்கள் வறுமையையும் பொருட்படுத்தாது அவரை இசை பயில அனுப்பினர். சல்வதோர் ஜோசே என்னும் குடும்ப நண்பர் ஆசிரியரானார். வீட்டில் விசைப்பலகைக் கருவி ஏதும் இல்லை. பன்னிரண்டாம் வயது முதலே பிறருக்கு இசை கற்பித்துப் பொருளீட்டிய அச்சிறுவன், வசதி படைத்த மாணவர்களின் வீடுகளில் இருந்த கருவிகளில்தான் தானும் பயின்று தேர்ந்தான் என்பர்.

1783இல், பதினாறாம் வயதில், அமல உற்பவ அன்னையைப் போற்றும் 'தோத்தா புல்க்ரா' என்னும் முன்மொழிக்கு அவர் இசையமைத்தார். காலம் குறிக்கப்பட்ட அவருடைய படைப்புகளில் அதுவே முதலாவது. மறு ஆண்டு, இசைக்கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் பெயரால் ரியோவில் ஒரு சபை நிறுவப்பட்டபோது அதன் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவரானார். வாழ்வின் இறுதிவரை அச்சபையுடன் அவர் கொண்டிருந்த உறவு அறுபடவில்லை.

விலக்குப் பெற்ற குருத்துவம்

குருப்பட்டத்துக்கு அந்நாளில் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது. முதலாவது, பிறப்பும் ஒழுக்கமும் பற்றிய விசாரணை. விண்ணப்பித்தவரின் பெற்றோர் யார், பாட்டன் பாட்டியர் யார் என்று சாட்சிகளை அழைத்துக் கேட்பர். 1707இல் பாயியா உயர்மறைமாவட்ட மன்றம் வகுத்த சட்டத்தொகுப்பே பிரேசில் முழுவதற்கும் வழிகாட்டியாயிருந்தது. யூதர், மூர் இனத்தார் ஆகியோரின் வழிவந்தோருடன் கலப்பினத்தாரையும் அது குருத்துவத்துக்குத் தகாதோர் வரிசையில் வைத்தது. திருச்சபைச் சட்டம் பயின்றோர், குற்றத்தால் வரும் தடை, குறையால் வரும் தடை என்னும் பழைய பாகுபாட்டை அறிவர். குற்றம் என்பது மனிதன் செய்வது. குறை என்பது அவன் செய்யாமலே அவன்மேல் சுமத்தப்படுவது. கடவுள் தந்த நிறத்தைக் குறையின் பட்டியலில் சேர்த்தவர்கள் மனிதர்கள்.

இரண்டாவது வாயில் சொத்து. குருவானவர் பிற்காலத்தில் வறுமையால் இரந்துண்ணும் நிலை வரலாகாது என்பதற்காக, அவர் பெயரில் ஏதேனும் உடைமை இருக்கவேண்டும் என்பது விதி. விதியின் நோக்கம் நல்லதே. ஆயினும் ஏழைக்கு அது அடைத்த கதவு. தோமாஸ் கொன்சால்வெஸ் என்னும் வணிகர் முன்வந்து, நகரத்துத் தெரு ஒன்றிலிருந்த வீட்டை அவருக்குக் கொடையளித்தார். விலக்கும் கிடைத்தது. 1792இல் ஜோசே மௌரிசியோ குருவானார்.

1798இல் பேராலயத்தின் இசைத் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. இவ்விடத்தில் ஒரு செய்தி நம் சிந்தனைக்கு உரியது. ரியோ மறைமாவட்டத்துக்கு அப்போது சொந்தமான பேராலயம் இல்லை. 1737 முதல், கறுப்பின மக்களின் சபை தன் உழைப்பால் எழுப்பியிருந்த செபமாலை அன்னை, புனித பெனடிக்ட் ஆலயத்திலேயே பேராலயக் குருக்கள் இடம் பெற்றிருந்தனர். சபையாரின் விருப்பத்தை மீறியே அவர்கள் அங்குக் குடிபுகுந்தனர். ஆக, அடிமைகளும் விடுதலை பெற்றோரும் கட்டிய கூரையின்கீழ் வெள்ளையர் தம் வழிபாட்டைச் செலுத்தினர். அந்த வழிபாட்டின் இசையோ அடிமையின் பேரனிடமிருந்து வந்தது.

கருவியில்லாப் பள்ளி

கொடையாகப் பெற்ற அந்த வீட்டை அவர் என்ன செய்தார்? பின்னாளில் மர்ரேக்காஸ் தெரு எனப்பட்ட வீதியில் இருந்த அந்த வீட்டில் இசைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஏழை இளைஞருக்குக் கட்டணமின்றி இசை கற்பித்தார். ஏறத்தாழ 28 ஆண்டுகள் அப்பள்ளி நடந்தது. விசைப்பலகைக் கருவி வாங்கும் வசதியின்றிக் கம்பி நரம்பிட்ட கிதாரைக் கொண்டே பாடம் நடத்தினார் என்பது அவர் வரலாற்றில் தவறாது கூறப்படும் செய்தி. நோய்க்கும் வறுமைக்கும் இடையிலும் அந்தக் கதவு பல்லாண்டுகள் அடைபடவில்லை.

அங்குப் பயின்றவர்களுள் பிரான்சிஸ்கோ மனுவேல் தா சில்வா (1795–1865) என்பவர் ஒருவர். இன்று பிரேசில் நாட்டு மக்கள் எழுந்து நின்று பாடும் நாட்டுப்பண்ணின் இசையை 1831இல் அமைத்தவர் இவரே. ரியோவில் இசைக் கல்லூரி தோன்றக் காரணமானவரும் இவரே. எனவே அந்நாட்டின் ஒழுங்குமுறையான இசைக்கல்வி, ஒரு குருவின் வீட்டு முன்னறையிலிருந்து கிளைத்தது எனலாம். தம் பிள்ளைகளுக்காக 1821இல் அவர் எழுதிய இசைக்கல்விச் சுருக்கமும் விசைப்பலகைப் பயிற்சி முறையும் இன்றும் கிடைக்கின்றன.

அரசவை வந்தது

1807ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நெப்போலியனின் படை லிஸ்பன் நகரை நெருங்கியபோது, போர்த்துக்கீசிய அரச குடும்பம் கப்பலேறியது. 1808 மார்ச்சு மாதம் இளவரசர் தோம் ஜோவான் ரியோவில் இறங்கினார். நன்றி வழிபாடு அதே செபமாலை அன்னை ஆலயத்தில் நடைபெற்றது. குடியேற்ற நாட்டுத் துறைமுகம் ஒரே நாளில் பேரரசின் தலைநகராயிற்று.

ஆயரை முன்மொழிவதும் ஆலயத்தைப் பராமரிப்பதும் மன்னரின் உரிமையும் கடமையுமாயிருந்த 'பதுரவாதோ' முறையை, மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் பழைய வரலாறு அறிந்த நம் வாசகர்கள் அறிவர். அதே முறை பிரேசிலிலும் நிலவியது. ஆகவே மன்னரின் விருப்பு வெறுப்பு, ஆலயப் பாடகர் குழுவரை நேரே எட்டியது. தோம் ஜோவான் இசைப் பித்தர். 1808 ஜூன் மாதம், அரண்மனையை அடுத்திருந்த கார்மேல் சபை ஆலயத்தில் அரச சிற்றாலயத்தை நிறுவினார். அதன் இசைத் தலைமை ஜோசே மௌரிசியோவுக்குக் கிடைத்தது.

அப்போது பழைய சொல் மீண்டும் எழுந்தது. 'கண்ணுக்குத் தெரியும் குறை' உடைய ஒருவர் அரச சிற்றாலயத்தில் எவ்வாறு பணியாற்றலாம் என்று சிலர் முணுமுணுத்தனர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஆயர் எழுத்தில் விலக்களித்தது மனித மனத்தில் விலகியிருக்கவில்லை. ஆயினும் இளவரசர் அசையவில்லை. 1809இல் கிறிஸ்துவின் சபை என்னும் வீரர் அணியின் சிறப்பும் குருவுக்கு வழங்கப்பட்டது. அவருடைய இசையில் மகிழ்ந்த இளவரசர், அருகில் நின்ற பிரபுவின் மார்பிலிருந்த பதக்கத்தைக் கழற்றித் தம் கையாலேயே குருவின் அங்கியில் குத்தினார் என்பது வழிவழி வந்த செய்தி.

அடுத்த மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 70 படைப்புகள் அவர் கையிலிருந்து பிறந்தன. அவற்றுள் 1810ஆம் ஆண்டு அமல உற்பவ விழாவுக்கான பாடற்பலி இசை பெரியது. 1811இல் பல்லியத்துக்கென அமைத்த கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுப் பலி இசையோ எளிமையின் அழகு. அதில் வயலின் இல்லை. வயோலா முதலிய தாழ்ந்த நரம்புக் கருவிகளின்மேல் கிளாரினெட்டுகள் இடையரின் குழல்போல் ஒலிக்கின்றன. அரசவைப் பகட்டைச் சற்று விலக்கிவிட்டு, மாட்டுத் தொழுவத்தின் வாயிலில் அவர் நிற்பதை அந்த இசையில் கேட்கிறோம்.

1811இல் மார்க்கோஸ் போர்த்துகல் என்னும் புகழ்பெற்ற நாடக இசைப்படைப்பாளர் லிஸ்பனிலிருந்து வந்து சேர்ந்தார். ஐரோப்பாவின் பல அரங்குகளில் கைதட்டல் பெற்றவர் அவர். அரச விழாக்களின் இசைப்பொறுப்பு அவர் கைக்குச் சென்றது. ஜோசே மௌரிசியோவின் பெயரும் ஊதியமும் ஏட்டில் இருந்தன. இடம் மட்டும் பின்னுக்குப் போயிற்று. பிற்கால எழுத்தாளர் சிலர் மார்க்கோஸைப் பொறாமைக்காரராகவே தீட்டினர். வரலாற்று நடுவுநிலை அத்துணைக் கடுமையை ஏற்காது. ஒரே கூரையின்கீழ் இருவரும் பல்லாண்டுகள் பணியாற்றினர். 1830ஆம் ஆண்டு, சில வாரங்களே முன்பின்னாக, இருவரும் அதே நகரில் இறந்தனர். தனி மனிதரின் பொறாமையைக் காட்டிலும், ஐரோப்பாவிலிருந்து வந்ததே உயர்ந்தது என்னும் பொதுவான எண்ணமே பெரிய காரணம் எனத் தோன்றுகிறது. அதே 1811ஆம் ஆண்டில்தான் ரியோவில் வலோங்கோ துறை கட்டப்பட்டது. ஆப்பிரிக்க அடிமைகள் இலட்சக்கணக்கில் வந்திறங்கிய அவ்விடத்தை, மனித குலம் மறக்கலாகாத இடமெனக் கருதி 2017இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தனர். ஆலயத்தில் அவருடைய இசை ஒலித்த நாள்களில், அவருடைய பாட்டியரைப் போன்றோர் சற்றுத் தொலைவில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தனர்.

இரண்டு தாயரின் மரணம்

1816 மார்ச்சு 20ஆம் நாள் அரசி முதலாம் மரியா ரியோவில் காலமானார். அதே நாளில் ஜோசே மௌரிசியோவின் தாய் விக்தோரியாவும் கண்மூடினார் என அவர் வரலாறு கூறுகிறது. அரசியின் நினைவு வழிபாட்டுக்கென இறந்தோர் திருப்புகழ்மாலைக்கும் இறந்தோர் திருப்பலிக்கும் இசையமைக்குமாறு கார்மேல் மூன்றாம் சபையார் அவரைக் கேட்டுக்கொண்டனர். அவர் எழுதினார். ஏட்டின்படி அது அரசிக்குரியது. ஆனால் மகனின் நெஞ்சு யாரை நினைத்து அழுதிருக்கும் என்பதைத் தாயை இழந்தோர் எளிதில் உணர்வர். இன்று அவர் படைப்புகளுள் உலகெங்கும் மிகுதியாகப் பாடப்படுவது இந்த இறந்தோர் திருப்பலி இசையே.

அவ்விசையில் மொசார்ட்டின் சாயல் உண்டு. தேர்ந்தெடுத்த சுரமும் அதே மெல்லிய துயரச் சுரம். இது குறைவன்று. கடல் கடந்து வந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஹைடனையும் மொசார்ட்டையும் ஆசிரியரின்றிக் கற்றவர் அவர். தம் வாழ்நாளில் பிரேசிலை விட்டு ஒருநாளும் வெளியே செல்லாதவர். அதே 1816இல் ரியோ வந்த சிகிஸ்மண்ட் நொய்காம், ஹைடனின் நேர் மாணவர். அவர் நிறம் பார்க்கவில்லை, இசை கேட்டார். முன்னேற்பாடின்றி அவ்வப்போதே இசை புனைந்து வாசிப்பதில் இவருக்கு நிகர் உலகில் இல்லை என்று அவர் கூறியதாகச் சொல்வர். 1819 டிசம்பரில் புனித செசிலியா சபையார் மொசார்ட்டின் இறந்தோர் திருப்பலி இசையை ரியோவில் அரங்கேற்றியபோது, நடத்தியவர் ஜோசே மௌரிசியோ. அச்செய்தியை வியந்து நொய்காம் வியன்னா நகர இசை இதழுக்கு எழுதினார்.

காக்கப்படாத வாக்கு

ஒரு செய்தியை மறைத்துவிட்டு இவ்வாழ்க்கையை எழுதுவது முறையாகாது. குருவான ஜோசே மௌரிசியோ, செவெரியானா ரோசா என்னும் பெண்ணுடன் உறவு கொண்டு பிள்ளைகளைப் பெற்றார். அவருள் ஒருவர், தந்தையின் பெயரையே தாங்கியவர், பின்னாளில் ரியோ மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியரானார். அக்காலப் பிரேசில் குருக்களிடையே இத்தகைய வாழ்வு அரிதன்று. குருவாயிருந்து பின்னர் நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளராக உயர்ந்த தியோகு பெய்ஜோ என்பவர், மணத்துறவுச் சட்டத்தையே நீக்க வேண்டுமென 1820களின் இறுதியில் நாடாளுமன்றத்தில் வாதாடினார். இது விளக்கமே அன்றி நியாயம் ஆகாது. வாக்கு வாக்கே.

ஆனால் இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்கவேண்டும். அவர் உண்மையாகவே தவறிய இடத்தை ஊரார் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். அவர் சிறிதும் தவறாத இடத்தை, பிறந்த நாள்முதல் இறக்கும்வரை, குறை என்று சுட்டிக்கொண்டேயிருந்தனர். மனந்திரும்புதலுக்கு உரியதை மறந்து, மனந்திரும்பவே முடியாத ஒன்றைக் கண்டித்த நீதி அது. விதிகளைக் கொசுவளவுக்கு வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவோரைப் பற்றி ஆண்டவர் கூறியது நினைவுக்கு வருகிறது.

இறுதி ஆண்டுகள்

1821 ஏப்ரலில் மன்னர் ஜோவான் போர்த்துக்கல் திரும்பினார். மறு ஆண்டு பிரேசில் விடுதலை பெற்றது. புதிய அரசின் கருவூலத்தில் பணமில்லை. ஆலய இசைக்கான செலவு குறைந்தது. ஆதரவும் வருவாயும் சுருங்கவே, நோயுற்ற குரு வறுமைக்குள் விழுந்தார். இலவசப் பள்ளியும் நின்றது. இந்நிலையில், 1826இல், அவருடைய இளமையில் தோன்றிய அதே புனித செசிலியா சபை ஒரு பலி இசை வேண்டுமென்று கேட்டது. தம் படைப்புகளுள் மிகப் பெரிய ஒன்றை அப்போது எழுதி முடித்தார். அதுவே அவருடைய இறுதிப் பெரும் படைப்பு. 1830 ஏப்ரல் 18ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அன்னை மரியாவின் பாடல் ஒன்றை முணுமுணுத்தவாறே இறந்தார் என்பது மரபு. முதலில் எழுதியதும் அன்னையின் முன்மொழி அல்லவா!

அவர் வாழ்ந்த நாட்டில் 1808 வரை அச்சகமே அனுமதிக்கப்படவில்லை. ஆகவே அவருடைய திருவழிபாட்டு இசை கையெழுத்து ஏடுகளாகவே கிடந்தது. சிலவற்றைக் கரையான் தின்றது. சில கைமாறிக் காணாமற்போயின. அரச சிற்றாலய இசையேடுகளைப் பேணிய பெந்தோ தாஸ் மெர்சேஸ் என்பவர் பொறுமையுடன் பலவற்றைப் படியெடுத்துச் சேர்த்தார். எழுத்தாளரும் அரசியலாளருமான தௌனே பிரபு (1843–1899), அவ்வேடுகளைக் காக்குமாறு இடைவிடாது குரல் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டில் கிளியோஃபே பெர்சன் தெ மாத்தோஸ் என்னும் பெண்மணி, தம் பாடகர் குழுவைக் கொண்டு அவற்றை மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1970இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 237 படைப்புகள் இடம்பெற்றன. அதே பத்தாண்டில், கறுப்பின இசைப்படைப்பாளர்களுக்கென அமெரிக்காவில் வெளிவந்த இசைத்தட்டு வரிசையில் அவருடைய இறந்தோர் திருப்பலி இசையும் சேர்ந்தது. ஒருகாலத்தில் விலக்குக் கேட்க வைத்த நிறம், இன்று அவர் பெயருக்குப் பெருமையாக முன்வைக்கப்படுகிறது.

யார் யாருக்கு விலக்களித்தது?

பிரேசில் 1888இல்தான் அடிமை முறையை ஒழித்தது. அதுவரை அங்குத் துறவு சபைகளும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த காலம் உண்டு. இத்தகைய திருச்சபையிடம் ஜோசே மௌரிசியோ மண்டியிட்டு விலக்குக் கேட்டார். அதிகாரிகள் பெருந்தன்மையுடன் தந்தனர். அவர் அதைக் கசப்பின்றி ஏற்றார் என்று கூற நமக்கு உரிமையில்லை. அவர் உள்ளத்தை இறைவனே அறிவார். அவருடைய செயல்களை மட்டுமே நாம் அறிவோம். தமக்குக் கொடையாக வந்த வீட்டை ஏழைகளுக்குத் திறந்தார். தம்மைக் குறையுடையவர் என்ற ஆலயத்தின் ஆண்டு முழுவதையும், திருவருகைக் காலம் முதல் இறந்தோர் நாள்வரை, இசையால் நிறைத்தார்.

எல்லாவற்றையும் பார்த்தபின், 1791ஆம் ஆண்டின் அந்த விண்ணப்பத்தை நாம் மறுபடி எடுத்துப் படித்தால், அதன் பொருள் மாறிவிடுகிறது. குறையுடையவராக நின்றது விண்ணப்பித்தவர் அல்லர். விலக்கும் பொறுத்தலும் தேவைப்பட்டது, அதைப் பெற்றுக்கொண்ட அலுவலகத்துக்கே. அந்த அலுவலகத்தின் மேசையில் அமர்வோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் உண்டு. தம் முன் நிற்கும் இளைஞனின் குலத்தையும் நிறத்தையும் விசாரிக்கும் முன், அவன் நெஞ்சில் இறைவன் வைத்திருக்கும் பாடலை ஒரு கணம் செவிமடுப்பார்களாயின், எத்தனை பேராலயங்களின் மௌனம் கலைந்திருக்கும்!